பழசுக்கு எப்போதும் விலை உண்டா?
மாதிரி ரயிலும் வாழைமர நோட்டும் சொல்லும் கணக்கு

பழைய பொருள் என்றால் அதற்கு நல்ல விலை கிடைக்கும்; வைத்திருக்க வைத்திருக்க விலை ஏறிக்கொண்டே போகும். இப்படியொரு நம்பிக்கை நம்மவர்களிடையே பரவலாக இருக்கிறது. மலாக்கா ஜோங்கர் ஸ்திரிட் பழம்பொருள் கடைகளின் கண்ணாடி அலமாரிகளை எட்டிப் பார்ப்பவர்களுக்கு இந்த எண்ணம் இன்னும் வலுப்படும். ‘இது நம் வீட்டிலும் இருக்கிறதே, இதற்கா இவ்வளவு விலை?’ என்று வாயைப் பிளக்காதவர்கள் குறைவு.

ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, மஸ்ஜித் தானா வட்டாரத் தோட்டங்களை விட்டுத் தாமான்களுக்குக் குடிவந்த குடும்பங்கள் பல, பழைய தகரப் பெட்டியையும் கூடவே கொண்டு வந்தன. அதைத் திறந்து பார்த்தால் அஞ்சல் தலை ஆல்பம் இருக்கும். ஜப்பான்காரன் காலத்து நோட்டு இருக்கும். சதுரமான ஒரு காசு, முதல் நாள் உறைகள், யாரோ ஒரு துரை ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன விசை முடுக்கும் பொம்மை கூட இருக்கலாம்.

பெட்டியைக் காத்த பெரியவர் காலமானதும் பிள்ளைகள் கணக்குப் போடத் தொடங்குகிறார்கள். பேரப்பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்திற்கு ஆகுமா? வீட்டு முன்பணத்திற்குக் காணுமா? கடைக்குப் போனால் கடைக்காரர் சொல்லும் தொகை தலையைச் சுற்ற வைக்கிறது. அங்கே கடைக்காரர் மீது சந்தேகம். வீட்டுக்கு வந்தால் விற்கப் போன அண்ணன் மீது சந்தேகம். ஆனால் பல வேளைகளில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. விலைதான் இறங்கிப் போயிருக்கிறது.

ஏன் இறங்கியது? இதைப் புரிந்துகொள்ள உலகத்தில் கண்முன்னே நடந்த ஒரு நல்ல உதாரணம் உண்டு. அதுதான் மாதிரி ரயில்.

பொம்மையாகப் பிறந்து புதையலாக மாறிய ரயில்

மாதிரி ரயில் என்பது தரையில் தள்ளி விளையாடும் பிளாஸ்டிக் பொம்மை அல்ல. உண்மையான ரயிலை அளவு பிசகாமல் சிறிதாக்கி, தண்டவாளத்தின் மீது மின்சாரத்தில் ஓடவிடும் நுட்பமான பொருள். இன்று அதிகம் விற்பனையாகும் எச்.ஓ. என்ற அளவில், உண்மை ரயிலில் 87 மீட்டர் இருப்பது மாதிரியில் 1 மீட்டராகிவிடும்.

ஜெர்மனியில் 1859-ஆம் ஆண்டு தொடங்கிய மார்க்லின் நிறுவனம் 1891-இல் தண்டவாளங்களுக்கு நிலையான அளவுகளைக் கொண்டுவந்தது. ஒரு பெட்டி வாங்கியவர் அடுத்த ஆண்டு இன்னொரு பெட்டி வாங்கி இணைக்கலாம் என்ற நிலை உருவானது. அமெரிக்காவில் 1900-இல் லயனல் தொடங்கியது. இங்கிலாந்தில் ஃபிராங்க் ஹார்ன்பி என்பவரின் நிறுவனம் 1920-இல் ரயில்களை விற்கத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அந்த நாடுகளின் பையன்கள் கிறிஸ்துமஸ் பரிசாக எதிர்பார்த்த பொருட்களில் ரயில் முன்னணியில் இருந்தது. 1950-களில் லயனல் அமெரிக்காவின் மிகப் பெரிய பொம்மை நிறுவனங்களில் ஒன்று.

எல்லா வீட்டிலும் வாங்க முடியவில்லை. கடைக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்துவிட்டுத் திரும்பிய பையன்களும் இருந்தார்கள். அந்தப் பையன்கள் வளர்ந்து, சம்பாதித்து, நாற்பது ஐம்பது வயதைத் தொட்டபோது கையில் பணம் இருந்தது. சின்ன வயது ஏக்கமும் தீராமல் இருந்தது. பழைய ரயில்களைத் தேடித் தேடி வாங்கினார்கள். ஒரே பொருளுக்குப் பலர் போட்டி போட்டதால் விலை ஏறியது. ஏறுவதைப் பார்த்து, ரயில் மீது ஆசையே இல்லாதவர்களும் ‘இது நல்ல முதலீடு’ என்று வாங்கிப் பெட்டி பிரிக்காமல் அடுக்கி வைத்தார்கள்.

இங்கேதான் கதை திரும்புகிறது.

விலை இறங்கியதற்கு ஐந்து காரணங்கள்

முதல் காரணம் வயது. விலையை ஏற்றியது ஒரு தலைமுறையின் ஏக்கம். அந்தத் தலைமுறைக்கு இன்று எழுபது, எண்பது வயது. பெரிய வீட்டை விற்றுச் சின்ன வீட்டுக்குப் போகிறார்கள், அல்லது காலமாகிறார்கள். அவர்கள் சேர்த்தவை எல்லாம் ஒரே காலத்தில் சந்தைக்கு வருகின்றன. அவற்றை வாங்க வேண்டிய அடுத்த தலைமுறையின் பால்ய நினைவிலோ ரயில் இல்லை. வீடியோ விளையாட்டு இருக்கிறது. பாசார் மாலாமில் பத்துக் கடையில் டுரியான் குவிந்து கிடக்க, வாங்க வந்தவர் ஒரே ஒருவர் என்றால் விலை என்ன ஆகும்? அதேதான்.

இரண்டாவது காரணம் இணையம். முன்பெல்லாம் ஓர் ஊரில் ஒரு ரயில்தான் கண்ணில் படும். ‘இது ஒன்றுதான் இருக்கிறது’ என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டியதுதான். 1995-இல் தொடங்கிய ஈபே போன்ற ஏலத் தளங்கள் வந்த பிறகு, அதே ரயில் நூறு வீடுகளில் இருப்பது தெரிந்து போனது. அரிது என்று நினைத்தது அரிதல்ல. தேட வழியில்லாமல் இருந்தது, அவ்வளவுதான்.

மூன்றாவது காரணம் மறுபதிப்பு. புகழ் பெற்ற பழைய ரயில்களைப் போலவே புதிதாகச் செய்து நிறுவனங்கள் விற்றன. அசலை வாங்க முடியாமல் ஏங்கியவர்கள் குறைந்த விலைக்கு நகலை வாங்கித் திருப்தி அடைந்தார்கள். அசலுக்கு நடந்த போட்டி அந்த அளவுக்குக் குறைந்தது.

நான்காவது காரணம் தொழில்நுட்பம். 1990-களில் ஹார்ன்பி தன் உற்பத்தியைச் சீனாவுக்கு மாற்றியது; மற்ற நிறுவனங்களும் சீனாவை நாடின. நுணுக்கமான வேலைப்பாடு கொண்ட பிளாஸ்டிக் ரயில்கள் கட்டுப்படியாகும் விலையில் வந்தன. அடுத்து, கணினிச் சில்லு பொருத்தி, புகைவண்டிச் சத்தத்தோடு ஓடும் ரயில்கள் வந்தன. ஒரு காலத்தில் ஜப்பானிலும் கொரியாவிலும் கையால் செய்யப்பட்டு மிக உயர்ந்த விலைக்குப் போன பித்தளை ரயில்கள் கூட இந்தப் போட்டியில் அடிபட்டன.

ஐந்தாவது காரணம்தான் நாம் அதிகம் கவனிக்க வேண்டியது: ‘சேகரிப்பாளர்களுக்கென்றே குறைந்த எண்ணிக்கையில் தயாரிக்கப்பட்டது’ என்று முத்திரை குத்தி விற்ற பொருட்கள். 1930-களின் ரயில் ஏன் அரிது? பிள்ளைகள் விளையாடி உடைத்தார்கள். பெட்டியைக் கிழித்துப் போட்டார்கள். தப்பிப் பிழைத்தது சில. சேகரிப்புக்கென்றே விற்ற ரயிலையோ, வாங்கிய அத்தனை பேரும் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் பத்திரப்படுத்தினார்கள். முப்பது ஆண்டு கழித்து எல்லாமே புத்தம் புதிதாகச் சந்தைக்கு வந்தால் எது அரிது?

நிறுவனங்களும் தப்பவில்லை. லயனல் 2004-இல் கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. மார்க்லின் தன் 150-ஆவது ஆண்டான 2009-இல் நொடிப்பு மனு தாக்கல் செய்தது. இங்கிலாந்தின் லிவர்பூலில் 1946-இல் தொடங்கி மாதிரி ரயில் விற்று வந்த ஹேட்டன்ஸ் என்ற புகழ் பெற்ற கடை, 2024 ஜனவரியில் மூடப்போவதாக அறிவித்தது.

அதற்காக மாதிரி ரயிலே அழிந்துவிட்டது என்று பொருளல்ல. மார்க்லினை 2013-இல் ஒரு பொம்மைக் குழுமம் வாங்கியது. அது இன்றும் ரயில் செய்கிறது. போருக்கு முந்தைய, உண்மையிலேயே அரிய, பெட்டியோடு பழுதில்லாமல் இருக்கும் ரயிலுக்கு இன்றும் நல்ல விலை உண்டு. விழுந்தது நடுத்தரச் சரக்கின் விலை. துரதிர்ஷ்டவசமாக, பெரும்பாலோர் கையில் இருப்பது அந்த நடுத்தரச் சரக்குதான்.

மலாக்காவின் சொந்தப் பாடம்: வாழைமர நோட்டு

ஐரோப்பியப் பொம்மைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இதே கணக்கை நம் தோட்டத்து மக்கள் இன்னும் கசப்பான முறையில் படித்திருக்கிறார்கள்.

1942 முதல் 1945 வரை ஜப்பானிய ஆட்சி மலாயாவில் தன் சொந்த நோட்டுகளை வெளியிட்டது. 10 வெள்ளி நோட்டில் வாழை மரம் இருந்ததால் எல்லாவற்றுக்குமே ‘வாழைமர நோட்டு’ என்ற பெயர் நிலைத்தது. ஒரு காசிலிருந்து 1,000 வெள்ளி வரை அச்சடித்தார்கள். பிந்தைய நோட்டுகளில் வரிசை எண் கூடக் கிடையாது, எழுத்துகள் மட்டுமே. அச்சடிக்க அச்சடிக்க மதிப்புச் சரிந்தது. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷ்காரர்கள் திரும்பி வந்ததும் அந்த நோட்டு செல்லாது என்று ஆனது. மூட்டை மூட்டையாகச் சேர்த்தவர்கள் ஒரே நாளில் வெறுங்கையானார்கள்.

மலாக்காவுக்கு இதில் ஒரு தனிக் கதை உண்டு. தம்பினிலிருந்து மலாக்கா நகருக்கு 1905-இல் ரயில் பாதை போடப்பட்டது. ஜப்பானியர்கள் அந்தத் தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்து, சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. நல்ல சம்பளம் என்று ஆசை காட்டியும், வலுக்கட்டாயமாகப் பிடித்தும் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் அங்கே கொண்டு செல்லப்பட்டார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் மடிந்தவர்கள் ஏராளம். உயிரைக் கொடுத்து உழைத்ததற்குக் கிடைத்த கூலி, செல்லாமல் போன அந்த நோட்டுதான். மலாக்கா நகருக்கு ரயில் திரும்பி வரவே இல்லை. இன்றும் ரயில் ஏற வேண்டுமானால் புலாவ் செபாங் தம்பின் நிலையத்திற்குத்தான் போக வேண்டும்.

இந்த நோட்டு இன்று பழம்பொருள். எண்பது ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. அப்படியானால் விலை எகிற வேண்டுமே? இல்லை. சாதாரண 10 வெள்ளி வாழைமர நோட்டு சில வெள்ளிக்கே கிடைக்கிறது. கணக்கற்ற அளவில் அச்சடித்தார்கள். ‘என்றாவது மாற்றலாம்’ என்ற நம்பிக்கையில் மக்கள் பத்திரமாக வைத்தார்கள். வரிசை எண்ணுள்ள ஆரம்பகால நோட்டு, மடிப்பே விழாத நோட்டு என்றால் கொஞ்சம் கூடுதல். வயது விலையைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

அஞ்சல் தலையும் நினைவு நோட்டும்

அஞ்சல் தலை விஷயமும் ஏறக்குறைய ரயில் கதைதான். உலகின் முதல் அஞ்சல் தலையான ‘பென்னி பிளாக்’ 1840-இல் வந்தது. ஏறத்தாழ 68 மில்லியன் அச்சடிக்கப்பட்டதால் அதுவே பலர் நினைப்பது போல் எட்டாக் கனி அல்ல. 1970-களில் பள்ளிக்கூடத்திற்குப் பள்ளிக்கூடம் அஞ்சல் தலைக் கழகம் இருந்தது. அன்று சேர்த்த மாணவர்கள் இன்று தாத்தாக்கள். கடிதமே எழுதாத பேரனுக்கு அஞ்சல் தலை எதற்கு என்று தெரிவதில்லை.

ஆனால் மலாக்காக்காரர்கள் அவசரப்பட்டுத் தூக்கிப் போடவும் கூடாது. 1867-இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கு முதன்முதலில் வந்தவை, இந்திய அஞ்சல் தலைகளின் மீதே கிரீடமும் புதிய மதிப்பும் அச்சிட்டவை. மலாக்காவும் அந்தக் குடியேற்றங்களில் ஒன்று. மலாக்கா பெயரிலேயே அஞ்சல் தலை வரத் தொடங்கியது 1948-இல்தான். இடையில் 1942-இல், ஜப்பானிய நிர்வாகத்தின் பெரிய முத்திரையை நான்கு தலைகள் மீது படும்படி மலாக்காவில் குத்தினார்கள். அது மிக அரிது. அதனால் போலிகளும் உண்டு. நிபுணரின் சான்றிதழ் இல்லாமல் இதை வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது.

‘நினைவு வெளியீடு’ என்ற வகையை எடுத்துக்கொள்வோம். சுதந்திரத்தின் 60-ஆம் ஆண்டை ஒட்டி பேங்க் நெகாரா 2017 டிசம்பரில் 60 வெள்ளி நோட்டையும், 600 வெள்ளி நோட்டையும் வெளியிட்டது. தனி 60 வெள்ளி நோட்டின் விற்பனை விலை 120 வெள்ளி. 600 வெள்ளி நோட்டின் விலை 1,700 வெள்ளி. அழகான நோட்டுகள், நாட்டின் வரலாற்றுச் சின்னம் என்று ஆசைப்பட்டு வாங்குவதில் தவறே இல்லை. ஆனால் முதலீடு என்று வாங்குகிறவர் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஊழியர் சேமநிதி வாரியத்தின் வழக்கமான சேமிப்புக்குச் சட்டப்படி ஆண்டுக்குக் குறைந்தது 2.5 விழுக்காடு லாப ஈவு உறுதி. 2024-ஆம் ஆண்டுக்கு அறிவித்தது 6.3 விழுக்காடு. குறைந்தபட்ச 2.5 விழுக்காட்டையே எடுத்துக்கொண்டாலும், 1,700 வெள்ளி 20 ஆண்டில் சுமார் 2,785 வெள்ளி ஆகிவிடும். நோட்டை வாங்கும் கடைக்காரர் தன் லாபத்திற்காக 30 விழுக்காடு கழித்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். விற்பவர் கையில் 2,785 வெள்ளி சேர வேண்டுமானால், கடையில் அதன் விலை ஏறக்குறைய 4,000 வெள்ளியாக இருக்க வேண்டும். அப்படி ஆனால்தான் சேமநிதியின் குறைந்தபட்ச ஈவுக்குச் சமம். நோட்டு ஈரத்தில் கறை படியாமல் இருக்க வேண்டும். வாங்க ஆளும் வர வேண்டும். சேமநிதிப் பணத்தை வெளியே எடுத்து ‘அரிய பொருள்’ வாங்கலாமா என்று யோசிக்கும் ஓய்வு பெற்றவர்கள் இந்தக் கணக்கை இரண்டு முறை போட்டுப் பார்க்க வேண்டும்.

தங்கம் வேறு, தகரம் வேறு

விலை ஏறி இறங்குவது தோட்டத்து மக்களுக்குப் புதிதல்ல. மலாயாவின் முதல் ரப்பர் தோட்டமே மலாக்காவில், 1896-இல் டான் சாய் யான் என்பவரால் புக்கிட் லிந்தாங்கில் தொடங்கப்பட்டது. 1910-இல் லண்டனில் ஒரு பவுண்டு ரப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டியது. 1932-இல் சில பென்ஸுக்கு இறங்கியது. கப்பல் ஏற்றித் தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்களின் கதை பல குடும்பங்களில் இன்றும் பேசப்படுகிறது.

ஆனாலும் ரப்பருக்கு ஒரு தரை உண்டு. யாராவது டயர் செய்தாக வேண்டும். நம் பெண்கள் சேர்க்கும் நகைக்கும் தரை உண்டு. செய்கூலி போனாலும், உருக்கினால் தங்கம் மிஞ்சும். அடகுக் கடையில் அன்றைக்கே பணம். சேகரிப்புப் பொருளுக்கு அந்தத் தரை கிடையாது. ரயிலை உருக்கினால் மிஞ்சுவது தகரம். அதன் விலை முழுவதும் ‘எனக்கு அது வேண்டும்’ என்று சொல்லும் இன்னொரு மனிதரின் ஆசையில்தான் தொங்குகிறது. அந்த ஆசைக்காரர் மறைந்தால் விலையும் மறைகிறது. அதனால்தான் அடகுக் கடைக்காரர் சங்கிலியை நிறுத்துப் பார்ப்பார். அஞ்சல் தலை ஆல்பத்தைத் திருப்பித் தந்துவிடுவார்.

நேயர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள்

இணையத்தில் இதே பொருளுக்கு 5,000 வெள்ளி போட்டிருக்கிறதே?

அது விற்பவர் கேட்கும் விலை. கேட்பதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. யாரும் எவ்வளவும் கேட்கலாம். பார்க்க வேண்டியது, உண்மையிலேயே விற்று முடிந்த விலையை. ஏலத் தளங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் தனியாகப் பார்க்க வழி உண்டு. இரண்டுக்கும் உள்ள இடைவெளி பல நேரம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள இடைவெளி.

விற்பதற்கு முன் பளபளவென்று துடைத்து வைக்கலாமா?

கூடவே கூடாது. புளி போட்டுத் தேய்த்த பழைய காசுக்குச் சேகரிப்பாளர்களிடம் மதிப்புக் குறைந்துவிடும். நோட்டைத் தேய்த்துப் பெட்டி போடுவதும், கிழிசலுக்குப் பசைத்தாள் ஒட்டுவதும் அப்படித்தான். தூசியை மெல்லிய தூரிகையால் தட்டினால் போதும். நம் நாட்டில் பெரிய எதிரி ஈரமும் கரையானும். சமையலறைப் பக்கமும் குளியலறைச் சுவரோரமும் வைக்காமல், காற்றோட்டமான அலமாரியில், ஈரம் உறிஞ்சும் சிறு பைகளோடு வைக்கலாம்.

உறையிலிருந்து அஞ்சல் தலையை வெட்டி எடுத்துச் சேர்க்கலாமா?

வெட்டாதீர்கள். சாதாரண அஞ்சல் தலைக்கு விலை இல்லாமல் போகலாம். ஆனால் முழு உறையில் ஒரு சிறிய ஊரின் அஞ்சல் முத்திரையும் தேதியும் தெளிவாக இருந்தால், தபால் வரலாற்றைச் சேகரிப்பவர்கள் அதைத் தேடுவார்கள். தோட்டத்து முகவரியோடு ஊரிலிருந்து வந்த பழைய கடித உறை, தனியாக வெட்டிய தலையைவிட மேலானது.

மதிப்பீட்டுக் கட்டணம் முதலில் கட்டினால் வெளிநாட்டில் பெரிய விலைக்கு விற்றுத் தருவதாகச் சொல்கிறார்களே?

முன்பணம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். பொருளை வாங்க வருகிறவர் பணம் கொடுக்க வேண்டுமே தவிர, கேட்கக் கூடாது. வங்கிக் கணக்கு எண், அடையாள அட்டைப் பிரதி எதையும் கொடுக்க வேண்டியதில்லை.

வீட்டில் துக்கம் நடந்த உடனே விற்கலாமா?

கருமக்கிரியை முடியும் வரை பெட்டியைத் தொடாமல் இருப்பது நல்லது. துக்க வீட்டில் அவசரம் இருக்கும். அவசரக்காரருக்கு எந்தச் சந்தையிலும் விலை குறைவு. முதலில் அண்ணன் தம்பி, அக்காள் தங்கை எல்லாரும் உட்கார்ந்து ஒரு பட்டியல் எழுதுங்கள். ஒவ்வொன்றையும் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். குறைந்தது மூன்று கடைகளில் விலை கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். கடைக்காரர் நல்லதை மட்டும் பொறுக்கிக்கொண்டு மீதியை விட்டுப் போகிறாரா, மொத்தமாக எடுக்கிறாரா என்பதையும் கவனியுங்கள். பட்டியல் இருந்தால் குடும்பத்திற்குள் பின்னால் பேச்சு வராது.

அப்படியானால் பிள்ளைகளைச் சேகரிக்கவே விடக் கூடாதா?

தாராளமாக விடலாம். அஞ்சல் தலை பூகோளம் சொல்லித் தரும். காசு வரலாறு சொல்லித் தரும். மாதிரி ரயில் கைவேலையும் மின்சாரமும் சொல்லித் தரும். மாதா மாதம் பத்து வெள்ளி செலவழித்துப் பிள்ளைக்கு அறிவும் பொழுதும் கிடைத்தால் அந்தப் பத்து வெள்ளி அன்றே திரும்பி வந்துவிட்டது. வாடகைக்கும் படிப்புக்கும் உள்ள பணத்தை அதில் போடக் கூடாது. விலை இறங்கியதில் ஒரு நன்மையும் உண்டு: அன்று வாங்க முடியாமல் ஏங்கியவர் இன்று கைக்கு எட்டும் விலையில் வாங்கி மகிழலாம்.

விலைச்சீட்டு ஒட்டக் கூடாதவை

கடைசியாக ஒன்று. அதே தகரப் பெட்டியில் கடைக்காரர் திரும்பியும் பார்க்காத சில பொருட்கள் இருக்கும். தோட்டத்துச் சம்பளச் சீட்டு, செக்ரோல் தாள், கப்பல் பயணச் சீட்டு, பால்மரம் சீவிய கத்தி, தோட்டத் தமிழ்ப் பள்ளியின் பழைய குழுப்படம், சயாமுக்குப் போய்த் திரும்பாதவரின் ஒரே புகைப்படம். சந்தையில் இவற்றுக்கு விலை சொல்லத் தெரியாது. ஆனால் பல தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்பாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறிவிட்ட நிலையில், அங்கே ஒரு சமுதாயம் வாழ்ந்தது என்பதற்கு மிஞ்சியிருக்கும் சான்றுகள் இவைதான்.

இவற்றைப் பழைய காகிதக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். படத்தின் பின்னால் பென்சிலால் பெயர், தோட்டம், ஆண்டு எழுதுங்கள். வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் கேட்டால்தான் அந்தப் பெயர்கள் தெரியும். அவர்கள் இருக்கும்போதே கேட்க வேண்டும். வீட்டில் வைக்க இடமில்லை என்றால் தமிழ்ப் பள்ளி, தேசிய ஆவணக் காப்பகம், மாநில அரும்பொருளகம், மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை போன்ற இடங்களில் கேட்டுப் பார்க்கலாம். அசலைக் கொடுக்க மனமில்லையென்றால் படம் எடுத்துப் பிரதியையாவது கொடுக்க முன்வரலாம்.

மாதிரி ரயிலின் விலை இறங்கியது அதை வாங்கிய முதலீட்டாளருக்குத்தான் நட்டம். ஓடவிட்டு ரசித்தவருக்கு நட்டமில்லை. வாழைமர நோட்டைச் சில வெள்ளிக்கு விற்பதால் குடும்பம் பணக்காரக் குடும்பம் ஆகிவிடப் போவதில்லை. அந்த நோட்டு யார் கூலி, எந்தத் தோட்டத்திலிருந்து போனவர், எப்போது திரும்பினார் அல்லது திரும்பவில்லை என்று ஒரு தாளில் எழுதி அதோடு சேர்த்து வைத்தால், பேரப்பிள்ளைகளுக்கு அது போய்ச் சேரும். இந்த வார விடுமுறையில் பெட்டியைத் திறந்து, விற்க வேண்டியது, வைத்துக்கொள்ள வேண்டியது, எழுதி வைக்க வேண்டியது என்று மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்.